ஒரே தானில் ஐந்து பேய்கள்

பூசணிக்காய் முகம் போட்ட அந்த ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் வாளி எங்கள் படுக்கையறை அலமாரியின் மேல் இருக்கிறது. போன அக்டோபர் கடைசி நாளன்று அங்கே வைத்தேன். தூக்கிப் போடச் சொல்லி மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நான் காட்டவில்லை.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. எனக்கு நாற்பத்தாறில் பிறந்தவள். அவள் இரவில் தும்மினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எங்கள் மைசூர் குடியிருப்பில் அன்றைக்குப் பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கப் போவார்கள். கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் இதென்ன விளையாட்டு என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் என் அக்கா கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தானில், ஒரே துணிச் சுருளிலிருந்துதான் துணி எடுப்போம். அவள் இதற்கும் அப்படியே மார்க்கெட்டில் வெள்ளைத் துணி எடுத்து, தன் நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் என் மகளுக்கும் தலையோடு மூடும் ஐந்து அங்கிகள் தைத்துவிட்டாள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. "ஒரே மாதிரி இருந்தா எதுவும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதுடா," என்றாள். கிளம்பும்போது என் மகளுக்குப் பாடமும் நடந்தது: "கதவு தொறந்திருந்தா உள்ள போய் நில்லு கண்ணு. வாளிய நீட்டு. குடுக்கற வரைக்கும் அசையாத."

மனைவிக்கு அன்று மருத்துவமனையில் டியூட்டி. ஏழு மணி இருக்கும், ஐந்தாவது மாடியில் நிற்கும்போது கரண்ட் போனது. பிள்ளைகள் கூச்சலிட, நான் மகளின் கையை இறுகப் பிடித்தேன். விளக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்தோம். கீழே அக்கா நான் பிடித்திருந்த பிள்ளையின் அங்கியைத் தூக்கினாள். உள்ளே அவளுடைய கடைசிப் பேரன் சிரித்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். இன்றும் என்னை உலுக்குவது அந்த நிம்மதிதான்.

ஐந்தாவது மாடியில் வேலை நடக்கும் வீட்டை ஆட்கள் பூட்டாமல் போய்விட்டதாகக் காவலாளி கன்னடத்தில் சொன்னதும் படியேறி ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. ஹாலில் புது வெள்ளை டைல்ஸ் பதித்து, சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். பால்கனியில் கம்பித் தடுப்பு இல்லை, கழற்றியிருந்தார்கள். அதன் விளிம்பில் மட்டும் உடைத்தெடுத்த பழைய நீல டைல்ஸ் குவிந்திருந்தது. அதற்கு அப்பால் ஊரின் விளக்குகள். ஹால் நடுவில், அந்த இருட்டைப் பார்த்து, ஒரு சின்ன வெள்ளை உருவம் இரண்டு கைகளாலும் வாளியை நீட்டியபடி நின்றது. கூப்பிட எனக்குப் பயம். சத்தமில்லாமல் பின்னால் போய் வாரி எடுத்தேன்.

"அப்பா, யாருமே குடுக்கல," என்றாள்.

அக்கா அன்று அழுது தீர்த்தாள். "நான் சொன்ன மாதிரியே அசையாம நின்னுச்சு. அதனாலதான் பொழச்சுது," என்று இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் மறுத்ததில்லை. மகள் இப்போதும் திறந்த கதவைக் கண்டால் நின்று கையை நீட்டுகிறாள்.

இந்த வருடத்துக்கும் வெள்ளைத் துணித் தான் எடுத்தாயிற்றாம். அளவெடுக்கக் குழந்தையைக் கீழே அனுப்பச் சொல்லி அக்கா காலையில் போன் செய்தாள். போனைக் காதில் வைத்தபடியே அலமாரியின் மேலே பார்த்தேன். போன வருடம் அன்றிரவு வாளியைக் கவிழ்த்தபோது, மிட்டாய்களோடு நீல டைல்ஸ் துண்டு ஒன்றும் விழுந்தது.