பத்து ஓட்டை, ஒன்பது காலித் தோட்டா

போலீஸ்காரன் என்று தெரிந்ததும் புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இதுவரை எத்தனை பேரைச் சுட்டிருக்கிறீர்கள் என்பது. நான் சுட்ட தோட்டாக்களால் மைசூரில் ஒரு மண்மேட்டைத் தவிர யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. ஆனால் நான் சுடாத ஒரு தோட்டா நாற்பத்திரண்டு பேரை ஒரு பகல் முழுக்க முட்டி போட வைத்தது. இதைச் சொன்னால் தத்துவம் பேசுகிறேன் என்று நினைத்துப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். தத்துவமெல்லாம் இல்லை. பத்து வரை ஒழுங்காக எண்ணத் தெரியாததால் வந்த வினை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மைசூரில் போலீஸ் பயிற்சியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஊர் கொள்ளேகாலைத் தாண்டி, காட்டோரம் இருக்கிற ராமாபுரத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். பயிற்சியில் இந்தியும் வந்து சேர்ந்துகொண்டது. கட்டளை இந்தியில் வரும், திட்டு கன்னடத்தில் வரும், பயம் எனக்குத் தமிழில் வரும். மூன்றும் ஒன்றாக வந்தால் அப்படியே நின்றுவிடுவேன். திரும்பச் சொன்னால், பக்கத்தில் இருப்பவன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஏழு மாதத்தில் இதில் தேர்ச்சி பெற்று, அரை நொடிதான் தாமதம் என்கிற அளவுக்கு முன்னேறியிருந்தேன்.

ராமாபுரம் என்று சொன்னாலே அப்போது ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் போலீஸ் வருடக்கணக்காக ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தமிழன் தானாகவே வந்து போலீஸில் சேருகிறான் என்றால் சும்மா விடுவார்களா? ஊருக்கு இரண்டு முறை வந்து விசாரித்தார்கள். "பையன் எப்படி, முரடனா?" என்று கேட்டதற்கு எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர், "அவனாங்க? கோழி அறுக்கறதைப் பார்த்தாலே ஓடிப்போயிருவான் சார்" என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அந்தச் சாட்சியில்தான் நான் தேர்வானேன். ஆனாலும், பயிற்சி முடிவதற்குள் சந்தேகம் வந்தால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

எங்கள் பயிற்சியாளரை உஸ்தாத் என்று கூப்பிடுவோம். சாமராஜநகர் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தொட்டவர். சந்தை சந்தையாகச் சுற்றி வளர்ந்ததால் தமிழ் பேசுவார், அதை முழுக்க முழுக்க என்னைத் திட்டுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். எனக்கு அவர் வைத்த பெயர் காடு.

"லோ காடு, உன் ஊர்ல எல்லாரும் இப்படித்தான் நடப்பாங்களா, இல்ல நீ மட்டும் எருமைகிட்ட கத்துக்கிட்டியா?"

அன்றைக்குத் துப்பாக்கிப் பயிற்சி. மைதானம் ஊருக்கு வெளியே, தூரத்தில் சாமுண்டி மலை தெரிகிற பொட்டல். ஆறு பேர் வரிசையாகப் படுத்துச் சுட வேண்டும், எதிரே ஆறு டார்கெட். ஆளுக்குப் பத்துத் தோட்டா. முதலில் ஐந்தைப் போட்டுச் சுட வேண்டும். மீதி ஐந்தை முன்னால் விரித்திருக்கும் தார்ப்பாயில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைக்கவில்லை. மண் ஒட்டினால் துப்பாக்கி மாட்டிக்கொள்ளும் என்று முந்தின நாள் யாரோ சொன்னதைக் கேட்டு, பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பையில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு அடுத்த டார்கெட்டில் படுத்திருந்தவன் என் சேக்காளி. மைசூரிலேயே பிறந்தவன், அப்பா கொத்தனார். அவன் பேசுவது தமிழ் என்று அவன் சொல்லித்தான் தெரியும்; பாதி கன்னடம், வேண்டாம் என்பதற்குக்கூட பேடா என்பான்.

"மச்சா, ட்ரிகரை ஜோரா இழுக்க பேடா. மெல்ல. மெல்லகெ."

"செரிடா."

"கண்ணை மூட பேடா."

"செரிடா."

கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பழைய ரைபிள் ஒவ்வொரு முறையும் தோளில் கழுதை உதைப்பதுபோல் உதைத்தது. முதல் உதையிலேயே எனக்கு எண்ணிக்கை போய்விட்டது. காதால் எண்ணலாம் என்று முடிவு செய்தேன். ஆறு துப்பாக்கி ஒன்றாகச் சுடும் இடத்தில் காதால் எண்ணுகிறவன் எப்பேர்ப்பட்ட அறிவாளியாக இருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பத்து கேட்டது. அதற்குள் என் துப்பாக்கியும் காலியாகியிருந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று எழுந்தேன்.

சுட்டு முடித்ததும் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவனாக விறைத்து நின்று, என்னிடம் தோட்டாவும் இல்லை, காலித் தோட்டாவும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஏழு மாதத்தில் முதல் முறையாகத் தடுமாறாமல் சொன்னேன். குரல் மலையில் போய் மோதியிருக்கும்.

பிறகு டார்கெட்டுகள் வந்தன. என் தாளில் பத்து ஓட்டை. உஸ்தாத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவட்டத்திலேயே ஒன்று.

"காடு, இது உன்னுதா?"

"ஆமாங்க சார்."

"ம்." அவ்வளவுதான் சொன்னார். அதுவே எனக்குப் பதக்கம் குத்தியதுபோல் இருந்தது. என் சேக்காளி தாளில் ஒன்பதுதான். "கொத்தனார் மகனே, ஒண்ணை ஆகாசத்துக்குச் சுட்டியா, பூசறதுக்கு?" என்று அவனுக்குக் கிடைத்தது.

அடுத்தது காலித் தோட்டாக்களைத் திருப்பிக் கொடுப்பது. கொடுத்த எண்ணிக்கை அப்படியே திரும்பி வந்தாக வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது. காலித் தோட்டாவுக்கும் காட்டுப் பக்கம் ஆள் உண்டு, மறுபடி மருந்து அடைத்துக்கொள்வார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சொல்லும்போது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது.

என்னுடையதை எண்ணினார்கள். ஒன்பது.

மறுபடி எண்ணினார்கள். ஒன்பதுதான்.

உஸ்தாத் என் தாளைப் பார்த்தார். பத்து ஓட்டை. கையிலிருந்ததைப் பார்த்தார். ஒன்பது. பத்து முறை சுட்டால்தானே பத்து ஓட்டை? சுட்டால் காலித் தோட்டா வெளியே விழ வேண்டுமே? அந்தக் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. நானே அந்த இடத்தில் இருந்திருந்தால் என்னை நம்பியிருக்க மாட்டேன். பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன், காலி. தோட்டாவைத் தேடிய அவசரத்தில் துணியில் இருந்த ஓட்டையை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

"எங்க வச்சிருக்க?" என்றார். திட்டவில்லை. காடு என்றும் சொல்லவில்லை.

"தெரியலீங்க சார்."

"தேடுங்க," என்றார் எல்லோரிடமும். "கிடைக்கிற வரைக்கும் ஊட்டா இல்ல, சோறு இல்ல. மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப் வரும். அதுக்குள்ள கிடைக்கலைன்னா எழுதிக் கொடுத்தாகணும். யாருது, எந்த ஊர், எல்லாம்."

நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக முட்டி போட்டு, பொட்டல் மண்ணை விரலால் அளைந்துகொண்டே நகர்ந்தோம். ஆளாளுக்கு என் காதுபட ஏதாவது சொன்னார்கள். "ஊருக்கு பார்சல் போயாச்சு" என்றான் ஒருவன். "ஒண்ணை வச்சு யானையைச் சுடுவானுங்களா, காட்டுப்பன்னியா?" என்றான் இன்னொருவன். பசி ஏற ஏற நகைச்சுவை குறைந்தது.

எனக்கு ஒரு கட்டத்தில் என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் எடுத்து ஒளித்துவிட்டு மறந்துவிட்டேனோ? எனக்கே தெரியாமல் எனக்குக் காட்டில் யாராவது கூட்டாளி இருக்கிறானோ? எங்கள் மாமா ஒருவர் அடிக்கடி காட்டுப் பக்கம் போவார். புளி பொறுக்கத்தான் போகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே. மத்தியான வெயிலில் வெறும் வயிற்றில் நான் என் மாமாவைக்கூடக் காட்டிக் கொடுக்கத் தயாராகிவிட்டேன்.

கணுக்காலில் ஏதோ உறுத்தியது. தேள் என்று நினைத்தேன். அசையாமல் கிடந்தேன். அதுவும் அசையவில்லை. எங்கள் பேண்ட்டின் அடிப்பக்கத்தைக் கணுக்காலோடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டியிருப்போம். பட்டையைத் தளர்த்திக் கையை விட்டேன்.

வழவழவென்று, முனையோடு வந்தது. காலித் தோட்டா இல்லை. சுடாத முழுத் தோட்டா.

பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த சேக்காளியிடம் உள்ளங்கையை லேசாகத் திறந்து காட்டினேன்.

"ஏனுடா இது," என்றான்.

"பையில ஓட்டைடா. காலுக்குள்ளாற எறங்கிக் கெடந்திருக்குது."

"அப்படீன்னா நீ ஒம்பதுதான் சுட்டியா?"

"அப்பறம் எப்படிறா பத்து ஓட்டை?"

அவன் மண்ணில் விரலால் கோடு போட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு முகம் மாறியது. "மச்சா, அந்த நடுவுல இருக்கிற ஓட்டை நன்னுது. என்னுதுடா. நான் உன் டார்கெட்ல சுட்டுட்டேன்."

ஆக, நான் சுட்டது ஒன்பது, என் தாளில் பத்தாவது ஓட்டை அவனுடையது. கணக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் என் தலை தப்பவில்லை. இல்லாத காலித் தோட்டாவைத் தேடிக்கொண்டிருந்தவன் கையில் இப்போது உயிருள்ள தோட்டா. இல்லை என்று மலை எதிரொலிக்கக் கத்திச் சொன்னவன் நான். எந்த ஊர்க்காரன் என்று வேறு எல்லோருக்கும் தெரியும்.

"எறிஞ்சுபுடு," என்றான் அவன். "அந்தப் புதர்ல. சும்னே இருந்துடலாம்."

"அப்பறம் காலி ஒண்ணு கொறையுமேடா."

"கொறைஞ்சா தொலைஞ்சு போச்சும்பாங்க. இது கையில இருந்தா திருடுனேம்பாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒருவேளை புதரில் மாடு மேய்க்க வருகிறவன் எவனாவது இதை எடுத்தால் என்ற யோசனையும் வந்தது. அந்த யோசனைக்கு நடுவில் உஸ்தாத்தைப் பார்த்தேன். பத்தடி தள்ளி அவரும் முட்டி போட்டு மண்ணை அளைந்துகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். ஒரு முட்டி மடங்காமல், ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டி, நொண்டி ஆடு மேய்வதுபோல் நகர்ந்தார். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கோ மாட்டிக்கொண்டது. தோட்டா கணக்கு குறைந்தால் முதலில் எழுதப்படுகிற பெயர் அவருடையதுதான்.

எழுந்து நின்றேன். கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். அந்த நேரம் உஸ்தாத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனு?"

"கெடைச்சிருச்சுங்க சார்," என்றது என் வாய்.

எழுந்து நொண்டிக்கொண்டு வந்தார். கையில் வாங்கிப் பார்த்ததும் முகம் வெளுத்தது. நான் நடந்ததைச் சொன்னேன். மூன்று மொழியிலும் சொன்னேன் என்று நினைக்கிறேன், எதிலும் வாக்கியம் முடியவில்லை. சேக்காளி எழுந்து வந்து நடுவட்டத்து ஓட்டை தன்னுடையது என்று சொன்னான். உஸ்தாத் என் பேண்ட் பைக்குள் தன் கையை விட்டார். அவர் விரல் ஓட்டை வழியாக வந்து என் தொடையைத் தொட்டது. கையை எடுப்பதற்குள் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கி விவரம் கேட்டார். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எந்த ஊர்?"

"ராமாபுரம் பக்கம், சார்."

எனக்கு வீட்டுக்குப் போகும் கொள்ளேகால் பஸ் கண்ணில் தெரிந்தது, என் பெட்டி அதன் மேல்கூரையில் இருந்தது. பிறகு அவர் உஸ்தாத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவனாவே கொடுத்தானா, நீங்க எடுத்தீங்களா?"

உஸ்தாத் விறைத்து நின்றார். "கொடுத்தான், சார். அவனே."

"சரி. சுடாதது ஒண்ணு திரும்பி வந்ததுன்னு எழுதுங்க," என்று இன்ஸ்பெக்டர் தோட்டாவை அவர் கையிலேயே கொடுத்தார். அப்படி எழுதுவதற்குத் தோட்டாக் கணக்கு நோட்டில் ஒரு கட்டம் ஏற்கெனவே இருந்ததாம். காலையிலேயே நான் ஒழுங்காக எண்ணியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

தண்டனை இல்லாமல் இல்லை. ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினேன். எத்தனை சுற்று என்று கேட்காதீர்கள், எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதற்கு மேல், படை முழுவதற்கும் பேண்ட் பைகளைத் தைத்து மூடும் வேலையையும் உஸ்தாத் எனக்கே கொடுத்தார். நாற்பத்திரண்டு பேருக்கு எண்பத்து நான்கு பை. அன்று சாயங்காலமே நாங்கள் தங்கும் பாரக் வராந்தாவில் ஊசியோடு உட்கார்ந்தேன்.

பாதி வேலையில் உஸ்தாத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டியில் ஏதோ தைலம் தடவியிருந்தார், நெடி மூக்கைத் துளைத்தது. ஒரு பேண்ட்டை எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்தார்.

"காடு."

"சார்."

"கையைத் தூக்கினியே. எறியவா, கொடுக்கவா?"

ஊசியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். நேர்மையாகச் சொல்வதானால், கையைத் தூக்கியது எனக்குத் தெரியும். எதற்குத் தூக்கினேன் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். இன்றுவரை அது சொல்லவில்லை.

"தெரியலீங்க சார்," என்றேன்.

அவர் தலையாட்டினார். பேண்ட்டை மடித்துக் குவியலில் வைத்தார்.

"எனக்கும் தெரியலடா. ஜீப் வந்து நின்னுடுச்சு, அவர் கேட்டா ஏதோ ஒண்ணு சொல்லணுமில்ல."