‘பத்து நிமிஷம்’ அக்கா

“தொள்ளாயிரத்து எண்பது டிகிரி காய்ச்சலா? மனுஷன் இந்நேரம் சாம்பலாயிருப்பாரு. புள்ளி எங்கக்கா போச்சு?”

நர்ஸுகள் அறையே சிரிக்கிறது. ஷிஃப்ட் மாறும் நேரம். நோயாளிகளின் அளவுகளைப் பதியும் டேப்லெட்டை, வார்டு பேச்சில் ‘டேப்’பை, கையில் பிடித்துக்கொண்டு விழிப்பவர் பேனா அக்கா. கேள்வி கேட்டவர், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்தபடி தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்.

சாம்பலானவரைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் பூஜ்ஜியம் எண் கட்டிலின் பொய் நோயாளி. பழகிப் பார்ப்பதற்கென்றே டேப்புக்குள் கேள்விக்காரர் மன்றாடி வாங்கிய ஆள். வார்டு அவரைத் தினம் நாலு முறை கொன்று பிழைக்கவைக்கிறது.

கேள்வி கேட்ட இவரும் நர்ஸ்தான், இருபது வருட சர்வீஸ். எதிரே யார் வந்தாலும் “பத்து நிமிஷம் குடுங்க, போதும்” என்று மறிப்பதால் அதுவே பெயராகிவிட்டது. “பத்து நிமிஷம் வருது, ஓடுங்கடி” என்று காதில் விழுந்தால் நடையை இன்னும் எட்டிப்போடுவார்.

கற்றுக்கொடுக்கும்போது டேப்பை மட்டும் தொடமாட்டார். “நான் அமுக்குனா என் விரல்தான் கத்துக்கும். நீங்க அமுக்குங்க.”

எல்லாரையும் பழக்கிவிடும் இந்தப் பிடிவாதம் அவரே செய்த ஒரு தவறில் பிறந்தது. டேப் வந்த முதல் வாரம், காலையில் எடுத்த அளவுகளைத் தாளில் குறித்துவைத்து, ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக ஏற்றினார். எல்லாவற்றுக்கும் ஏற்றிய நேரமே விழுந்தது. எப்போதோ இறங்கிவிட்ட காலைக் காய்ச்சல், மதியம் இரண்டு மணிக்கு அடிப்பதாகக் காட்டியது. அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் ஊசியோடு கிளம்ப, வராந்தாவில் ஓடிப்போய் மறித்தார். அன்று முதல் ஒரே பேச்சு: “கட்டில்கிட்டயே போடணும். அப்பவே போடணும்.”

பேனா அக்காவோ எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொள்பவர். வரும் திங்கட்கிழமை முதல் தாளும் இல்லை, கையும் இல்லை. கட்டிலருகே பதியத் தெரியாதவர்களுக்குத் துணிக் கிடங்குதான் என்று மேட்ரன் சொல்லியாகிவிட்டது.

“போர்வை எண்ணிட்டுக் கிடக்கேன். விடுடி.”

“உங்க கை பட்டா அழுவுற புள்ளையும் ஊசி போட்டுக்குது. அந்தக் கை போர்வைக்கு எதுக்குக்கா? பத்து நிமிஷம் குடுங்க.”

கொடுத்தார். திட்டிக்கொண்டே, தினமும்.

திங்கட்கிழமை, ஏழாம் எண் கட்டில். பேனா அக்கா காய்ச்சல் பார்க்கிறார். பழக்கதோஷத்தில் விரல்கள் சட்டைப்பைப் பேனாவுக்குப் போய், பாதியில் திரும்புகின்றன. டேப்பில் தட்டுகிறார். சிவப்புக் கட்டம் வந்து நிற்கிறது. அருகே மேட்ரன். பேனா அக்கா வாசல் பக்கம் பார்க்கிறார்.

வாசலில் நிற்கிறார் ‘பத்து நிமிஷம்’. முதுகுக்குப் பின்னால் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகுகின்றன.

பேனா அக்கா மறுபடியும் திரையைப் பார்க்கிறார். “இந்தப் பாழாப்போன புள்ளி” என்று முனகிக்கொண்டு வைக்கிறார். கட்டம் பச்சையாகிறது.

“அடுத்த கட்டிலுக்குப் போங்க” என்கிறார் மேட்ரன்.

வாசலில், கோத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன.