விக்னராஜா மலேசியாக்காரர் ஆனது

சிட்னியில் டூங்கபிப் பக்கம் இருக்கும் விக்னராஜா கோயிலுக்குப் போனாலும் செருப்பைப் பையில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு கும்பிடுகிற ஆள். வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. கூட வேலை செய்யும் தமிழர் ஒருவருக்கும் அவருடைய ஊர் தெரியாது. "ஊரில எவடம்?" என்று கேட்டால் "கொழும்பு" என்பார். கொழும்பில் எவடம் என்று கேட்பதற்குள் அவருக்கு பஸ் வந்துவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, அதற்கு நியாயமும் இருந்தது. எண்பத்திநாலில் சொந்த ஊரான காரைநகரில் யாரோ ஒருவன் நல்ல பிள்ளைபோல அவரைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனான். பின்னாலேயே ஆமி ஜீப் வந்தது. அவர் தப்பி சிட்னிக்கு வந்து சேர்ந்தார். தொண்ணூறில் தம்பி இந்திரகுமாரும் தப்பிப்போக வள்ளம் ஏறினான். அதோடு ஒரு தகவலும் இல்லை. கேட்காத இடமில்லை, வைக்காத நேர்த்தியில்லை. "இனியாவது அந்தப் பெடியன் செத்துப்போனான் எண்டு நினைச்சு ஒரு அந்தியேட்டிக் கிரியை செய்வம்" என்று மனைவி கல்யாணி சொன்ன அன்றைக்கு மனுசன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

இரண்டாயிரத்தேழில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்தது. அவுஸ்திரேலியாவிடம் இலங்கை அணி அடிவாங்குவதை நேரில் பார்க்கவேண்டும் என்று, மஞ்சள் தொப்பியும் தானுமாகக் கிரெனடாவில் போய் இறங்கினார். மட்சுக்கு முதல் நாள் தலைநகரான சென்ற் ஜோர்ஜஸில் துறைமுகத்தைப் பார்க்கப் போனார். மலைகளுக்குள்ளே லாடம்போல வளைந்து கிடக்கும் இயற்கைத் துறைமுகம். அந்தக் காலத்தில் பாய்க்கப்பல்களைச் சரித்துப்போட்டு அடிப்பாகம் சுரண்டிய இடமாம். மேலே கோட்டை, சுற்றிவரச் சிவப்பு ஓட்டுக் கட்டடங்கள், காற்றில் சாதிக்காய் வாசம். எல்லோரும் படம் எடுத்தார்கள். நம்முடைய ஆள், படம் எடுத்துத் தரட்டா என்று கேட்ட வெள்ளைக்காரரிடமிருந்து கமராவைக் காப்பாற்றிக்கொண்டு நடந்தார்.

பாசி பிடித்த படியில் கால் வழுக்கியது. "ஐயோ அம்மா!" என்று வாய் காட்டிக்கொடுத்துவிட்டது.

படிக்குக் கீழே ஒரு படகில் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கப்பல்காரர் ஒருவர் ஓடிவந்து கைகொடுத்தார்.

"அண்ணை தமிழே? அவுஸ்திரேலியாத் தொப்பி... சிட்னியே? ஊரில எவடம்?"

உலகத்தின் அந்தத் தொங்கலிலும் அதே கேள்வி! விக்னராஜா கையை இழுத்துக்கொண்டார். டூங்கபியில் பக்கத்து வீட்டு மலேசியாக்காரர் சூசை பேசுவது போலவே சொன்னார்: "நான் மலேசியாங்க."

"ஓ... குறை நினையாதேங்கோ." கப்பல்காரரின் முகம் வாடியது. "எங்கடை கப்பலில ஒரு காரைநகர்ப் பெடியன் சமையல். கரையில இறங்கப் பேப்பர் இல்லை. தமையன் சிட்னியிலயாம், விக்னராஜா எண்டு பேர், விலாசம் தெரியாதாம். மட்சுக்கு வந்த ஆக்களிட்டைக் கேட்டுப் பாருங்கோ எண்டு அழுதவன். அதுதான் கேட்டனான். சரி, வாறன்."

தன்னுடைய பெயரைக் கேட்டதும் விக்னராஜாவுக்கு முதலில் வந்தது பயம்தான். யார் அனுப்பியது? எதற்கு? அழுதவனாம்! ஆள் படகில் கால் வைத்த பிறகுதான் தம்பி குமார் சின்னதுக்கும் அழுகிறவன் என்பது அவருக்கு உறைத்தது.

"நில்லுங்கோ! நான்தான் விக்னராஜா!"

கப்பல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இப்பத்தானே மலேசியா எண்டனீங்கள்?"

"பயத்தில சொன்னனான். அவன் இந்திரகுமார். அப்பர் சின்னத்துரை, சங்கக்கடை மனேச்சர். தம்பிக்கு இடது காலில வெட்டுத் தழும்பு இருக்கு. அவன் தொண்ணூறில வள்ளத்தில..."

சொல்லச் சொல்ல அந்த முகம் இறுகியது. கள்வர் பயத்தில் பாஸ்போட், லைசன்ஸ் எல்லாவற்றையும் ஹோட்டலில் பூட்டிவிட்டு வந்த மனுசன், அத்தாட்சி காட்ட ஒன்றுமில்லாமல் வெறுங்கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"ஊரை மாத்திக் கதைக்கிறியள், பேச்சை மாத்திக் கதைக்கிறியள். ஆனால் அவன்ரை காலில இருக்கிற தழும்பு வரைக்கும் தெரிஞ்சு வைச்சிருக்கிறியள்." கப்பல்காரர் கயிற்றை அவிழ்த்தார். "அப்பிடி ஒருத்தரும் எங்கடை கப்பலில இல்லை, அண்ணை."

படகு போனது. "அவனிட்டைச் சொல்லுங்கோ, அண்ணன் வந்தவன் எண்டு!" என்று கத்தி அழுதார் விக்னராஜா. ஆள் திரும்பவில்லை. எந்தக் கப்பல் என்றுகூட இவர் கேட்டு வைக்கவில்லை. அவர்மேல் கோபிக்கவும் முடியவில்லை, தானும் அதைத்தான் செய்திருப்பார். அந்த ஆள் கப்பலுக்குப் போய்த் தம்பியிடம் என்ன சொல்வார் என்பதும் விக்னராஜாவுக்கு நன்றாகத் தெரியும்: ஆரோ உன்னை விசாரிச்சுக்கொண்டு திரியிறாங்கள், இனி ஒருத்தரிட்டையும் அண்ணனைப் பற்றி வாய் திறவாதை.