கிட்டே வராதே, அங்கிருந்தே ஜெபம் பண்ணு

காசநோய் வார்டில் நர்ஸ் உத்தியோகம் என்றால் பாதி வேலை ஊசி போடுவது, மீதி வேலை பிள்ளைகளைத் தாய் தகப்பன் பக்கம் அண்டவிடாமல் தடுப்பது. வீட்டில் யாராவது இந்த நோயில் கிடந்திருந்தால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போன்ற ஒருத்தியிடம் நீங்களும் திட்டு வாங்கியிருப்பீர்கள்.

நான் திருவனந்தபுரத்தில் அந்த வார்டில் இருந்தபோது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யம். நாகர்கோவில், குழித்துறைப் பக்கத்துத் தமிழ்க்காரர்களும் பெரிய வியாதி என்றால் இங்கேதான் வருவார்கள். அதில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பது பெற்றவர்கள் கடமை என்று கேட்டு வளர்ந்தவர்கள். படுக்கையில் விழுந்த பிறகும் அந்தக் கடமை அவர்களை விடவில்லை.

இரவல் குரல்

ஞானம்மாள் குழித்துறைக்காரி. நோய் தொண்டையில் இறங்கிவிட்டதால் அவள் பேசினால் காற்றுதான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய தம்பி அவள் மகனைக் கூட்டி வருவார். சின்னப் பையன், இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. வராந்தாப் படிக்குக் கீழேதான் அவன் நிற்கலாம். தான் போவதற்குள் அவனுக்குக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். அவள் சொல்வது அவன் காதுக்கு எட்டாது. அதனால் நடுவில் நான் நின்றேன். அவள் ஒரு வரி முணுமுணுப்பாள், நான் உரக்கச் சொல்வேன், அவன் திருப்பிச் சொல்வான்.

முதலில் பையன் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னான். போகப் போக, சத்தம் வரும் பக்கம் திரும்பி என்னையே பார்க்க ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு ஜெபத்தையும் தப்பில்லாமல் சொல்லிவிட்டு, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் சந்தோஷமாக ஞானம்மாளிடம் திரும்பினேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் செத்த பெறவு, ஜெபம் பண்ணும்போ எனக்க மவனுக்கு உங்களுக்க சத்தம்தான் ஓர்மை வரும், சிஸ்டர்."

நல்ல மரணம்

விழிஞ்ஞத்திலிருந்து வந்தவர் அந்தோணி. கடலில் வலை இழுத்த உடம்பு, வரும்போதே எலும்பும் தோலுமாக வந்தது. மனைவி இல்லை. ஒரே மகள், எட்டு வயதிருக்கும். அவள் முற்றத்து மணலில் நின்று கண்ணை மூடி, "சூசையப்பரே, எங்கப்பனுக்கு நல்ல மரணம் கொடுங்க" என்று ஜெபித்தாள். நல்ல மரணத்துக்காகக் கத்தோலிக்கர்கள் வேண்டிக்கொள்ளும் புனிதர் அவர். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். அப்பன்தான் என்றாள்.

பிள்ளையை அனுப்பிவிட்டு அவரிடம் போனேன். "சுகமாகணும்னு கேக்கச் சொல்லாம, இதையா ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பாங்க?" என்று கோபமாகவே கேட்டேன். எக்ஸ்ரேயில் என்ன இருந்தது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருமி முடித்து, துப்பும் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "கேட்டது கிட்டணும் சிஸ்டரே. கிட்டாமப் போனா, பின்ன அவ கடவுளுட்ட ஒருக்காலும் ஒண்ணும் கேக்க மாட்டா."

ஐயாவின் விசாரணை

வெளியூரிலிருந்து புதிதாக வந்த போதகர் ஒருவர் ஒருநாள் வார்டைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "வீட்டில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பதுண்டா?" என்று விசாரித்தார். கடைசிக் கட்டிலில் இருந்த மேரி எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள்: "சொல்லிக் குடுத்தேன் ஐயா. ரெண்டு பேரும் இதே சீக்குல எனக்கு முன்னாடி போயிட்டாங்க, இனி அவங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்."

முட்டிக்கால்

சுகமாகி வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. கிரேஸ் அப்படி ஒருத்தி. புருஷன் செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா, தமிழ்க்காரர், பக்தியான மனுஷர். மகள் ஸ்டெல்லாவை ஞாயிறுதோறும் கூட்டி வருவார். ஒருநாள் படிக்குக் கீழே நின்ற மகளின் முட்டியைப் பார்த்துவிட்டு, விழுந்தாளா என்று கேட்கச் சொன்னாள் கிரேஸ். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரண்டு முட்டியும் தோலுரிந்து கறுத்திருந்தன. பிள்ளை மறைக்காமல் சொன்னாள்: "நான் குடும்ப ஜெபத்துல சிரிச்சேன். அதனாலதான் அம்மாவுக்கு நோய் வந்துச்சுன்னு அப்பா சொன்னாங்க. தினம் முட்டிக்கால் போட்டு மன்னிப்புக் கேக்கிறேன்."

கிரேஸுக்கு அது கேட்டுவிட்டது. அடுத்த வாரம் புருஷனிடம், "நான் செத்தா அந்தப் பழியையும் பிள்ளை மேலயா போடப் போறீங்க?" என்று கேட்டாள். "பயபக்தியா வளர்க்கிறது தப்பா?" என்றார் அவர். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது, எல்லோருக்கும் கிடைக்காது. கிரேஸுக்குக் கிடைத்தது. இருமல் அடங்கியது, உடம்பு தேறியது, சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று புருஷன் மகளின் தலையில் கைவைத்து, "பாத்தியாம்மா, உன் ஜெபம் கேக்கப்பட்டுது" என்றார். ஸ்டெல்லாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கிரேஸ் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனாள். விடைபெறத்தான் என்று நினைத்தேன். "இனி எனக்கு ஒரு ஜலதோஷம் வந்தாக்கூட அந்தப் பிள்ளை முட்டி போட்டுரும், சிஸ்டர்" என்றாள்.

எனக்கும் பிறகு கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து, அவர்களை மடியிலேயே வைத்துக்கொண்டு ஜெபம் சொல்லிக் கொடுக்கிற பாக்கியம் கிடைத்தது; அவர்கள்தான் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள்.