முப்பத்தொன்றாம் நம்பர் கால்

வெளிநாடு போனாயே, எங்கே தங்கினாய், ஓட்டல் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓட்டலுக்கு என்ன, நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு நட்டநடுவில் இருந்தது. எதிரே ரயில் நிலையம், சன்னலுக்குக் கீழே மணி அடித்துக்கொண்டு போகும் டிராம், அதைத் தாண்டினால் கல் பாவிய பெரிய சதுக்கம், சதுக்கத்தின் ஓரத்தில் குதிரை ராட்டினம். எங்கே வேண்டுமானாலும் நடந்தே போய்விடலாம் என்பதுதான் அந்த ஓட்டலின் பெருமையாம். அங்கேதான் என்னை ஒரு அடி நடக்கக் கூடாது என்று கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊர் ஜெர்மனியில் இருந்தது. பெயரைச் சொல்லப் போனால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், விட்டுவிடுகிறேன். ஆம்பூரில் நாலாங்கிளாஸ் படிக்கிற பெண் ஜெர்மனிக்குப் போனது படிப்பில் கெட்டிக்காரி என்பதற்காக இல்லை. என் கால் முப்பத்தொன்றாம் நம்பர் என்பதற்காக.

அப்பா ஆம்பூரில் பிள்ளைகளுக்கான ஷூ செய்யும் ஒரு ஃபேக்டரியில், சாம்பிள் ரூமில், பேட்டர்ன் மாஸ்டர், அதாவது ஷூவுக்குத் தோலை எப்படி வெட்ட வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து வெட்டிக் கொடுப்பவர். புது டிசைன் எதுவானாலும் முதலில் ஒரே ஒரு அளவில்தான் செய்து பார்ப்பார்கள். அவர்களுக்கு அது முப்பத்தொன்று. அந்த அளவுக் கால் உள்ள ஒரு பிள்ளை அதைச் சில வாரம் போட்டு நடக்க வேண்டும். எங்கே கடிக்கிறது, எங்கே மடிகிறது என்று பார்த்துத் திருத்திய பிறகுதான் மற்ற அளவுகளை வெட்டுவார்கள். நான் வயசுக்குச் சின்னக் கால்காரி. அதனால் சம்பளம் இல்லாத வேலை ஒன்று எனக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் புது ஷூவைப் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்ப வேண்டும். மற்ற அப்பாக்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். என் அப்பா குதிகாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார்.

அந்த வருஷம் வந்தது ஒரு சிவப்பு ஷூ. பக்கத்தில் ஒற்றை வார், அதில் சின்னதாக ஒரு பூ. எனக்கு அது உயிர். அதற்கு முந்திய சீசனில் அனுப்பிய ஷூக்கள் பிள்ளைகளின் குதிகாலைக் கடிக்கின்றன என்று ஜெர்மனிக்காரர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். எங்கள் முதலாளிக்குப் படம் காட்டுவது என்றால் கொள்ளை ஆசை. புது ஷூ கடிக்காது என்று கடிதாசி எழுதினால் நம்பமாட்டார்கள், போட்டு நடந்த காலையே கொண்டுபோய்க் காட்டுவோம் என்று முடிவெடுத்துவிட்டார். காலைத் தனியாகக் கொண்டுபோக முடியாதே, அதனால் நானும் கூடப் போக வேண்டியதாயிற்று.

பாஸ்போர்ட், விசா என்று மாதங்கள் ஓடின. நான் சும்மா இருந்தேனா? வளர்ந்தேன். பிள்ளைகள் வேறு என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா என்னைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுப்பார். ஒரு ஞாயிறு கோட்டைப் பார்த்துவிட்டு, பழைய காகிதத்தை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பென்சிலை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவளும் வேறொரு கம்பெனியில் தையல் லைனில் நாளெல்லாம் உட்கார்ந்து எழுந்து வருகிறவள், முணுமுணுப்பெல்லாம் அவளிடம் கிடையாது, எதையும் நேராகவே கேட்டுவிடுவாள்.

“பொண்ணு வளந்தா சந்தோஷப்படாம, இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சினு குந்தினு இருக்க?” என்று கேட்டாள்.

அப்பா பதில் சொல்லவில்லை. அவர் எதற்கும் பதில் சொல்லாத மனிதர். என்னிடம் மட்டும், ஷூ இறுக்கமாக இருப்பதை யாரிடமும் சொல்லாதே என்றார். நான் வளர்வது அவருக்குப் பிடிக்கவில்லை என்று மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அப்படியாக ஜெர்மனி போய்ச் சேர்ந்தோம். எனக்கும் அப்பாவுக்கும் ஒரு அறை, முதலாளிக்குப் பக்கத்து அறை. மெத்தையில் உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே போனது. தலையணைகளை எண்ணிப் பார்த்துச் சலித்துப்போனேன். குளியலறையில் படுத்துக் குளிக்கும் தொட்டி, கம்பியில் தொங்கும் துண்டுகள் சூடாக இருந்தன. நான் சன்னலுக்கு ஓடினேன். ராட்டினத்தில் ஒரு வெள்ளைக் குதிரை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ‘கீழே போலாம்ப்பா’ என்று திரும்பியபோது முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

“மீட்டிங் முடியற வரைக்கும் பாப்பா காலு தரையில படக்கூடாது மாஸ்டர். இந்தக் கல்லு ரோட்ல நடந்தா வீங்கிக்கும், கொப்புளம் வந்துரும். அப்புறம் எல்லாம் பேஜாரு” என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். மூன்று நாள். ஊரே கீழே சுற்றிக்கொண்டிருக்கிறது, நான் மேலே தலையணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊமைப்படம் பார்க்கிறேன். முதலாளி மட்டும் ஊர் சுற்றிவிட்டுப் பை பையாகச் சாமான் வாங்கி வருவார். வந்ததும் என் அறைக்குள் வந்து, மாடு வாங்க வந்தவர் பல் பார்ப்பதுபோல என் காலைப் புரட்டிப் பார்ப்பார். கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்து, வலிக்கிறதா என்று அவர்கள் கேட்டால் ‘நோ மேடம்’ என்று சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்திவிட்டுப் போவார். அந்தச் சாக்லேட்டை அவர் முகத்திலேயே விட்டெறியத் தோன்றும். தின்றுவிடுவேன், அது வேறு விஷயம்.

முதலாளி போனதும் அப்பாவின் கூத்து ஆரம்பிக்கும். கீழே போய் ஒரு வாளி ஐஸ் வாங்கி வருவார். தொட்டியில் தண்ணீர் விட்டு ஐஸைக் கொட்டி, கொஞ்சமாவது சுருங்காதா என்று என் காலை அதில் வைத்துப் பிடித்துக்கொள்வார். குளிரில் எலும்பு வரை வலிக்கும். கத்தினால், ‘இன்னும் கொஞ்ச நேரம் பாப்பா’ என்பார். வாளி வாளியாக ஐஸ் கேட்கும் இந்த ஆள் எவ்வளவு குடிக்கிறாரோ என்று ஓட்டல்காரர்கள் நினைத்திருப்பார்கள். சோடாகூடக் குடிக்காத மனிதர் அவர்.

“அப்ப எதுக்குப்பா என்னக் கூட்டினு வந்த?” என்று ஒருநாள் அழுதுகொண்டே கேட்டேன்.

“மீட்டிங் முடியட்டும் பாப்பா. அப்புறம் எல்லாத்தையும் காட்றேன்” என்றார். நான் நம்பவில்லை. முதலாளியின் முன்னால் வாயைத் திறக்காத மனிதர் எனக்கு எதைக் காட்டிவிடப் போகிறார்?

மீட்டிங் அந்த ஓட்டலிலேயே, கீழ்த்தளத்தில் ஒரு அறையில் நடந்தது. லிஃப்டிலிருந்து அந்த அறை வரை அப்பா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். ஒன்பது வயதுப் பெண்ணை! காலை உணவுக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அப்பாவின் தோளை நறுக்கென்று கிள்ளினேன். அவர் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஷூ வாங்கும் கம்பெனியிலிருந்து நரைத்த முடி வைத்த ஒரு அம்மா வந்திருந்தார். முதலாளி சிரித்துச் சிரித்துப் பேசினார். அந்த அம்மா அவரைச் சட்டை செய்யாமல் என் முன்னால் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, சிவப்பு ஷூ போட்டிருந்த என் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். பெரியவர்கள்மேல் கால் படலாமா? நான் பதறி அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவருக்கு அது புரியவில்லை, என் கன்னத்தைத் தட்டினார். பிறகு ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினார். முகம் மாறியது. என் விரல்கள் உள்ளே நுனியில் போய் முட்டி நின்றன. வலிக்கிறதா என்று கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டு இல்லை இல்லை என்றார். குழந்தையைத்தான் கேட்கிறேன் என்றார் அந்த அம்மா.

உயிர் போகிற வலி. ஆனாலும் மூன்று நாள் பாடம். “நோ மேடம்” என்றேன், சிரித்துக்கொண்டே. முதலாளியின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் சுவரோரம் நின்றிருந்த அப்பா வாயைத் திறந்தார்.

“பெயின் ஈஸ் தேர் மேடம்” என்றார். “டாட்டர் லெக் குரோயிங். ஷூ கரெக்ட். டாட்டர் பிக்.”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். விசாவுக்கு எழுதிப்போடும் முன்பே என்று அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளிக்கு முகம் கறுத்துப்போயிற்று. அந்த அம்மாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் பல்லைக் கடித்தார்.

“முன்னாடியே தெரிஞ்சும் இன்னாத்துக்குய்யா சொல்லல? உங்கூட வேல செய்றவன் பொண்ணுக்கும் இதே சைஸுதான? அவளக் கூட்டினு வந்திருப்பனே.”

அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எல்லாம் உன்னால்தான் என்று பார்ப்பதாக நினைத்து நானும் முறைத்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன், அழகாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன், இவர் அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. வாரை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, சிவந்துபோன என் விரல்களைக் கையால் தேய்த்துவிட்டார். தங்கள் ஊரிலேயே அந்த அளவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று ஷூவை எடுத்துக்கொண்டு போனார். என் சிவப்பு ஷூ! அதுவும் போயிற்று. முதலாளி அப்பாவை வெளியே கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே, தடித்த கம்பளம் விரித்த அந்த நடையில், அப்பாவின் வேலை போனது, எனக்கு அது அப்போது தெரியாது. சிவப்பு ஷூவுக்கு அந்தக் கம்பெனி பிறகு பெரிய ஆர்டர் கொடுத்தது. அந்த பேட்டர்னை வெட்டிய மனிதரைக் கூப்பிட வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றவேயில்லை. பாவி. அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

முதலாளி அன்றைக்கே வேறு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். எங்கள் டிக்கெட் இரண்டு நாள் கழித்துத்தான். அறை அதுவரை எங்களுடையது. அப்பா உள்ளே வந்து, வா பாப்பா போகலாம் என்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். காட்டுகிறேன் என்று சொன்னதையெல்லாம் அந்த இரண்டு நாளில் காட்டினார். பாலம், ஆறு, கோபுர மணி, ரயில் நிலையத்துக்குள் நின்ற ரயில்கள், வெறும் ரொட்டிக்கென்றே இருந்த கடை. கால் வலித்தால் ஓட்டலுக்குத் திரும்பி மெத்தையில் விழுவோம், எழுந்து மறுபடி இறங்குவோம். எப்போதும் எங்கேயும் வேகவேகமாக நடக்கிறவர், ஒவ்வொரு மூலையிலும் நின்று, ‘நல்லாப் பாத்துக்கோ பாப்பா’ என்றார். நான் பேசினால்தானே. ராட்டினத்தில் மட்டும் ஏறினேன். வெள்ளைக் குதிரைதான். போதும் என்று அவர் சொல்லவேயில்லை, நான் இறங்கி இறங்கி மறுபடி ஏறினேன். சுற்றி வரும்போதெல்லாம் அவர் அதே இடத்தில் நின்று கை ஆட்டினார். நான் ஒருதடவைகூட ஆட்டவில்லை.

இப்போதும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. எதற்காகச் சொல்லாமல் இருந்தேன் என்று ஒரே ஒரு வரி, அந்தப் பாலத்தின்மேல் நின்று சொல்லியிருக்கக் கூடாதா? வாயைத் திறந்தது வாழ்க்கையில் ஒரே ஒருதரம், அதுவும் ஆங்கிலத்தில்.

ஊருக்கு வந்த பிறகு அப்பா காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் கேட்டில் வந்து நின்றார். அம்மா ஓவர்டைம் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வந்தாள். ஃபாரின் போய் வந்தவர்களுக்குக் கம்பெனியில் மாசக்கணக்கில் லீவு கொடுப்பார்கள் என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அப்பாவோடு சாம்பிள் ரூமில் வேலை செய்தவரின் மகளும் என் வகுப்புதான். அவள் ஒருநாள், “லீவும் இல்ல ஒன்னும் இல்ல, உங்கப்பாவ நிறுத்திட்டாங்க” என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று சடையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டேன். டீச்சர் இரண்டு வீட்டுக்கும் போன் செய்தார். அவளுடைய அப்பாவுக்கு ஷிஃப்ட்டை விட்டு வர முடியவில்லை. என் அப்பா கொஞ்ச நேரத்துக்குள் வந்து வகுப்பு வாசலில் நின்றார். பட்டப்பகலில், வேலை நேரத்தில், கூப்பிட்ட உடனே வர எந்த அப்பாவால் முடியும், இப்போதாவது நம்புகிறாயா என்று நான் அவளை ஜெயித்துவிட்ட மாதிரி பார்த்தேன்.