நேவிகேட்டரின் கணக்குக் கொப்பி

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவுக்கு வந்த புதிதில், சனிக்கிழமைதோறும் மல்வேர்னிலிருந்து பஸ் எடுத்து, வோபர்னில் தனியே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டைத் துப்புரவாக்கப் போனேன். ஊரில் நான் நில அளவையாளன். இங்கே கையில் தந்தது தூசி இழுக்கும் வக்கியூம். அந்த நாட்களில் எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருந்தது.

கூடத்தில் சீருடையோடு சிரிக்கும் ஓர் இளைஞனின் படம். தன் தம்பி என்றார் கிழவி. நேவிகேட்டராம், பழைய உலக யுத்தத்தில் இருபத்தொரு வயதில் போய்விட்டானாம். என் ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லின் முதல் பாதி மட்டுமே பிடிபட்டது: நேவி, கடற்படை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நேவிக்காரன்ர வீட்டைக் கூட்டித் துடைக்கவோ கடல் தாண்டி வந்தனீங்கள்?" என்றாள். ஊரில் நேவி ஷெல் அடித்த கரையில் பிறந்தவள் அவள்.

அடுத்த கிழமைதான் விளங்கியது. பையன் கப்பலில் போனவனல்ல. குண்டு போடும் விமானத்தில் இருந்து, வரைபடத்தையும் காற்றையும் வைத்துக் கணக்குப் பார்த்து பைலட்டுக்கு வழி சொன்னவன்.

"உது அதைவிட மோசம்" என்றாள் மனைவி.

நான் அளவையாளன் என்று எந்த நேரத்தில் வாய்தவறிச் சொன்னேனோ, சனியன் பிடித்தது. கிழவி ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். யுத்தத்துக்குப் போகுமுன் கனடாவில் பயிற்சியின்போது தம்பி வழிக்கணக்குப் பார்த்து எழுதியது. அவனுடைய விமானம் பாதையை விட்டு வெகுதூரம் விலகிப்போய் விழுந்திருந்தது. உங்கள் மகன்தான் வழியைத் தவறவிட்டான் என்று பைலட்டின் தாய் இவருடைய தாய்க்குக் கடிதம் எழுதியிருந்தாராம். தாய் அந்தக் கவலையோடேயே செத்துப்போனார். இப்போது மகளான இந்தக் கிழவிக்கு, தம்பி கணக்கில் பிழை விடுகிறவனா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

கடைசிப் பறப்பின் கணக்கு அவனோடு எரிந்துபோயிற்று, இந்தக் கொப்பியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எத்தனை தரம் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சனிக்குச் சனி கொப்பி மேசையில் இருக்கும். தம்பி சின்னதில் தெருவை எல்லாம் படமாகக் கீறினதையும், தண்டவாளத்தில் ஓடும் ஸ்றீட்காரில் நித்திரையாகி இறங்கும் இடத்தைத் தவறவிட்டதையும் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் குசினியைத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும்.

ஒருநாள் பொறுமை கெட்டு உட்கார்ந்து பார்த்தேன். நல்ல துப்புரவான பென்சில் எழுத்து. ஓர் ஓரத்தில் 'பசிக்கிறது' என்று எழுதியிருந்தான். இரண்டு பக்கம் தள்ளி, காற்றின் திசையைத் தலைகீழாகப் போட்டிருந்தான். வாத்தியார் அதைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். விமானத்தை எங்கேயோ கொண்டுபோய் விடக்கூடிய பிழைதான்.

எனக்கு அந்தப் பிழை பிடித்திருந்தது. ஊரில் குண்டு விமானம் இரைந்தால் பங்கர் குழிக்குள் அம்மா சொல்வது ஒன்றுதான்: "பிள்ளையாரே, அவன் பிழைச்சால் நாங்கள் பிழைச்சம்." மேலே இருப்பவன் வழி தவறினால் கீழே இருப்பவர்கள் உயிர் தப்புவோம். ஒருநாள் அவன் வழி பிழைக்கவில்லை. கிணற்றடியில் நின்ற என் தங்கச்சியும் பிழைக்கவில்லை.

இதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? கிழவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு வட்டத்தின் மேல் பெருவிரலை வைத்து மறைத்தேன். பிழை ஒன்றும் இல்லை என்றேன். அவர் அழுதார். எனக்கு எரிச்சலும் இரக்கமும் சேர்ந்தே வந்தன. வக்கியூமை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

மறு சனிக்கிழமை கதவைத் திறக்கும்போதே கிழவியின் முகம் வெளித்திருந்தது. தலைமயிரைச் சுருட்டி, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார். உறவினர் எல்லோருக்கும் போன் பண்ணி, ஓர் இஞ்சினியரே பார்த்துச் சொல்லிவிட்டார் என்று சொன்னாராம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அப்படியென்றால் தம்பி ஒவ்வொரு தரமும் குண்டுகளைச் சரியான இடத்துக்குத்தான் கொண்டுபோயிருக்கிறான், இல்லையா என்று.

நான் ஓம் என்று தலையாட்டினேன். அது என் தங்கச்சிக்கு நான் செய்த துரோகம். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.