பிரேக் அக்காவின் கொழுப்பு

“கட்டி என் தொடையில இருக்கு, கத்தல் ஏன்டி உன் வாயில இருக்கு?” என்று சீறினாள் பிரேக் அக்கா.

கையில் கரண்டியோடு நின்ற ஓரகத்தி அசரவில்லை. “ஊருக்கெல்லாம் காட்டியும் மிச்சமிருக்கிற உன் கொழுப்பு அங்க வந்து திரண்டிருக்குக்கா. போய் வெட்டிட்டு வா, நாங்களாவது நிம்மதியா இருப்போம்.”

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அக்காவின் பிழைப்பு. பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே அந்தப் பெயர் வந்தது. அவளிடம் திட்டு வாங்காமல் அந்தப் பக்கத்தில் ஒருவரும் லைசென்ஸ் வாங்கியதில்லை.

வலது தொடையில் கோலிக்குண்டாக இருந்தது கோழிமுட்டையைத் தாண்டிய பிறகுதான் தெருமுனை டாக்டரிடம் போனாள். வலி இல்லை, அதனால் அக்கறையும் இல்லை. அவர் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, “கொழுப்புக் கட்டிதான். ஞாயித்துக்கிழமை வாங்க, மரத்துப்போற ஊசி போட்டு இங்கேயே எடுத்துடுறேன்” என்றார்.

அந்த டாக்டரும் அவளிடம்தான் கார் பழகிக்கொண்டிருந்தார். ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்தால் மேதாவி, ஸ்டியரிங்கைப் பிடித்தால் பச்சைப்பிள்ளை. மறுநாள் காலை அவரோடு போகும்போது அக்கா குத்தலாகச் சொன்னாள்: “உங்களோட வந்தா மட்டும் இந்தக் கட்டி காணாமப் போயிடுது டாக்டர்.”

“காணாமப் போகுதா?”

“ரோடு பூரா நான்தானே பிரேக்க மிதிச்சுக்கிட்டு வர்றேன். தொடை கல்லு மாதிரி இறுகிடுது. தடவிப் பாத்தாக்கூடக் கட்டி தட்டுப்படல. காலைத் தளர்த்தினா திரும்ப வந்து உக்காருது.”

வண்டி குலுங்கி நின்றது. இந்த முறை மிதித்தது டாக்டர். பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே வைதார்கள்.

“அட, பிரேக் எங்க இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

“கொஞ்சம் வாய மூடுங்கக்கா.” அவர் முகம் வெளுத்திருந்தது. “தோலுக்கு அடியில இருந்தா சதை இறுகினாலும் மேலதான் நிக்கும். இது சதைக்குள்ள இருக்கு. நேத்து உங்களக் காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பாத்திருக்கணும், நான் பாக்கல. ஞாயித்துக்கிழமை வராதீங்க.”

“ஏன், கத்தி மழுங்கிடுச்சா?”

“கெட்ட கட்டியா இருந்து, தெரியாமக் கிண்டினா சுத்தியும் பரவிடும். அப்புறம் காலையே எடுக்கும்படி ஆனாலும் ஆகும்.”

பிரேக் மிதிக்கிற கால் அது. அது போனால் அவள் வெறும் அக்கா.

பெரிய ஆஸ்பத்திரியில் குகை மாதிரி இயந்திரத்துக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு ஊசியால் துளிச் சதை எடுத்து, இந்த மாதிரிக் கட்டிகளையே பார்த்துப் பழகிய வேறு ஊர் டாக்டர் ஒருவருக்கு அனுப்பினார்கள். முடிவு கேட்கப் போனபோது ஓரகத்தியும் கூடப் போனாள்.

“கொழுப்புதாம்மா,” என்றாள் அறுவை டாக்டரம்மா. “ஆனா கெட்டுப்போன கொழுப்பு. கேன்சர். ரொம்ப அபூர்வமா வர்றது.”

“எதுலயும் ஊர்ல இல்லாததுதான் இவளுக்கு வேணும்” என்று ஆரம்பித்த ஓரகத்தி, பாதியிலேயே உடைந்துவிட்டாள். “எத்தன தடவ கொழுப்பு கொழுப்புன்னு சொன்னேன்! என் கருநாக்கு பலிச்சிடுச்சே!”

“நீ சொன்னதெல்லாம் பலிச்சா உன் புருஷன் எப்பவோ உருப்பட்டிருப்பான்டி, மூக்கைத் துடை.” அக்கா டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். “கால் இருக்குமா? அதச் சொல்லுங்க.”

“முதல்ல கதிர்வீச்சு வெச்சு சுருக்குவோம். அப்புறம் சுத்தியிருக்கிற நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே எடுப்போம். எடுத்ததோட ஓரத்துல நோய் இல்லன்னா, கால் உங்களுது.”

கதிரில் கட்டி சுருங்கியது, அக்காவின் வாய் சுருங்கவில்லை. ஆனால் அறுத்தபின், ஓரத்தைச் சோதித்த முடிவு வரும்வரை அவள் யாரையும் திட்டவில்லை. வார்டு ஆயாவே பயந்துபோனாள்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். “ஓரமெல்லாம் சுத்தம்மா.”

“அப்ப இந்தப் போர்வைய மாத்தச் சொல்லுங்க, அது சுத்தமில்ல.”

நோய் நுரையீரலுக்குத் தாவியிருக்கிறதா என்று இனி அடிக்கடி நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். தொடையில் கிண்ணத்தை அழுத்தி எடுத்த மாதிரிப் பள்ளம், பாதத்தில் வீக்கம். ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்த பையனை வைதுகொண்டே நடக்கப் பழகினாள். மறுபடி வண்டியில் ஏறிய அன்று, லைசென்ஸ் வாங்காத அதே டாக்டர் லாரியின் பின்புறத்தை நோக்கி நேராகப் போனார். அக்கா மிதித்தாள். வண்டி நின்றது. டாக்டர் லாரியைப் பார்த்தார், அக்கா தன் காலைப் பார்த்தாள்.

“ரெண்டு காலும் இருக்கு, செருப்புக் கடைக்கு விடுங்க” என்றாள்.

வீங்கிய காலுக்கு ஏற்ற அளவில் எடுத்து, மற்றதில் பஞ்சு அடைத்துக்கொண்டாள். கடைக்காரன் ஐந்நூறு சொன்னான். வாயாலேயே இறக்கினாள். ஜோடி நானூற்று நாற்பது.